1,700 டிகிரி தாங்கும் கல்லை 300 டிகிரியில் உடைக்காதீர்கள்

உலைகளுக்குச் சூடு தாங்கும் கல் கட்டுகிற எங்களுக்குப் போன வாரமும் ஒரு போன். ஆலையில் வெப்பச் சேமிப்பு அறை ஒன்று கட்டி முடித்திருக்கிறார்கள். உள்ளே அடுக்கியிருப்பது சிலிக்கா கல். முதல் தடவை சூடேற்றும்போதே டப் டப்பென்று சத்தம் கேட்டிருக்கிறது. ஆறவிட்டுத் திறந்து பார்த்தால் கற்களில் குறுக்கும் நெடுக்குமாக விரிசல், மூலைகள் சில்லுச் சில்லாகப் பெயர்ந்து கிடக்கின்றன. "சார், 1,700 டிகிரி தாங்கும்னு எழுதிக் கொடுத்திருக்காங்க. நாங்க 900-ஐக்கூடத் தொடலை. கல் போலியா?"

கல் போலி இல்லை. 900-க்கு எவ்வளவு நேரத்தில் போனீர்கள் என்று கேட்டேன். காலையில் ஆரம்பித்து மதியச் சாப்பாட்டுக்குள் என்றார்கள்.

இந்த மாதிரிப் போன் அடிக்கடி வர ஆரம்பித்துவிட்டது. காரணம் புரிகிறது. எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் ஆகிற செலவைப் பார்த்தவர்கள், பகலில் மலிவாகக் கிடைக்கும் சோலார் மின்சாரத்தைக் கல்லில் வெப்பமாக ஏற்றிவைத்து ராத்திரி ஷிப்டுக்கு எடுக்க நினைக்கிறார்கள். நல்ல யோசனை. ஒரு டன் அலுமினா-சிலிக்கா கல்லை 400 டிகிரியிலிருந்து 1,000 டிகிரிக்கு ஏற்றினால், ஏறக்குறைய 180 யூனிட் மின்சாரத்துக்குச் சமமான வெப்பம் அதில் தங்கும். கலிஃபோர்னியாவில் பிக்ஸ்லி என்ற ஊரில் ஓர் எத்தனால் ஆலையில் ரோண்டோ நிறுவனம் 2023-இல் 2 மெகாவாட் மணி, அதாவது 2,000 யூனிட் அளவில் இப்படி ஒன்றை ஓடவிட்டுக் காட்டியது. அடிப்படை அதைவிட மிகப் பழசு. கௌப்பர் என்பவர் 1857-இல் காப்புரிமை வாங்கிய ஸ்டவ்கள்தாம் இன்றைக்கும் இரும்பு உருக்கும் ஊது உலைகளுக்குப் பக்கத்தில் கோபுரம் மாதிரி நிற்கின்றன. ஒன்று காற்றைச் சூடாக்கி அனுப்ப, மற்றவை வெப்பம் ஏற்றிக்கொள்ளும். கண்ணாடி உலையில் புகையின் சூட்டைப் பிடித்துவைக்கும் ரீஜெனரேட்டரும் இதே வேலைதான், இருபது முப்பது நிமிடத்துக்கு ஒருமுறை மாறி மாறி.

ஆக, கல்லில் வெப்பத்தைச் சேமிப்பது புதுசு இல்லை. கேட்லாக்கில் இருக்கும் அந்த ஒரே எண்ணை நம்புவதுதான் எல்லாக் கோளாறுக்கும் மூலம். 1,700 என்று போட்டிருந்தால், கல் எந்த வெப்பத்தில் இளகிச் சாயத் தொடங்கும் என்பதை அது சொல்கிறது. அவ்வளவுதான். எவ்வளவு வேகமாக ஏற்றலாம், இறக்கலாம், எத்தனை ஆயிரம் தடவை ஏற்றி இறக்கலாம் என்பதைப் பற்றி அந்த எண் ஒரு வார்த்தை பேசாது. உலைக்குக் கல் வாங்குகிறவருக்கு அது போதும், ஏனென்றால் உலை மாதக்கணக்கில் ஒரே சூட்டில் கிடக்கும். சேமிப்பு அறைக்கு வாங்குகிறவருக்குப் போதாது. அந்தக் கல்லின் பிழைப்பே தினமும் ஏறி இறங்குவதுதான். காய்ந்த மண்சட்டியில் பச்சைத்தண்ணீரை ஊற்றினால் என்ன ஆகும் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஆலைக்குள் வந்ததும் அது ஏனோ மறந்துபோகிறது.

சிலிக்கா கல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள கிரிஸ்டோபலைட் என்கிற சிலிக்காப் படிகம் 200-லிருந்து 275 டிகிரிக்குள் எங்கோ ஓரிடத்தில் சட்டென்று உருமாறி உப்பும். மிச்சம் மீதி குவார்ட்ஸ் என்கிற இன்னொரு சிலிக்காப் படிகம் இருந்தால் அது 573-இல் உப்பும். 600-ஐத் தாண்டிவிட்டால் அதே கல் சாது. அப்புறம் விரிவதே இல்லை என்று சொல்லலாம், எப்படி ஏற்றி இறக்கினாலும் தாங்கும். நிலக்கரியைச் சுட்டுக் கோக் கரியாக்கும் கோக் அடுப்புகளை முதல்முறை சூடேற்ற இரண்டு மூன்று மாதம்கூட எடுத்துக்கொள்கிறார்களே, இந்த 600-க்குக் கீழே இருக்கிற கண்டத்தைத் தாண்டத்தான். அதற்கப்புறம் பல வருஷங்களுக்கு ஆறவே விடுவதில்லை. இங்கே என்னடாவென்றால் ஞாயிற்றுக்கிழமை லீவு, மின்சாரத்தை அணைத்துவிட்டுப் போய்விட்டோம் என்கிறார்கள். சிலிக்கா கல் போட்டிருந்தால் அறையின் எந்த மூலையும் 600-க்குக் கீழே இறங்கக் கூடாது. அப்படி ஓட்ட முடியாது என்றால் அந்தக் கல்லை வாங்காதீர்கள்.

சரி, மக்னீசியா போடலாமா? சேலத்தில் வெள்ளைக்கல் என்று வெட்டியெடுக்கிறார்களே, அந்த மேக்னசைட்டைச் சுட்டால் கிடைப்பதுதான் மக்னீசியா. ஒரே இடத்தில் நிறைய வெப்பம் அடக்க இதைப் போல வாகான கல் குறைவு. ஆனால் 1,000 டிகிரியில் மீட்டருக்கு 13 மில்லிமீட்டர் அளவுக்கு விரியும், அலுமினா என்றால் 8 தான். அதனால் கல்லுக்கும் கல்லுக்கும் இடையே கணக்குப் போட்டு இடைவெளி விட்டு, அட்டையோ தெர்மோகோலோ வைத்துக் கட்டுகிறோம். நாங்கள் அந்தப் பக்கம் போனதும், யாரோ அரைகுறையாக விட்டுவிட்டார்கள் என்று நினைத்து ஒரு மேஸ்திரி அதையெல்லாம் பிடுங்கிவிட்டு சாந்து பூசி வழுவழுவென்று அடைத்துவிடுகிறார். சூடேறியதும் சுவர் வயிறு தள்ளி வெளித் தகடு பிதுங்குகிறது. தயவுசெய்து அந்த இடைவெளியைத் தொடாதீர்கள். அது எங்கள் வேலையில் பாதி.

இன்னொன்று, மக்னீசியா கல்லை மழையில் போடாதீர்கள். தார்ப்பாய் மூடினால் போதாது, அடியில் பலகை போட்டு, கூரைக்குள் வையுங்கள். ஈரமும் நீராவியும் பட்டால் அது ஹைட்ராக்சைடாக மாறும், கன அளவு இரண்டு மடங்குக்கும் மேல் ஆகும், கல் மாவாக உதிரும். ஐப்பசியில் இறக்கி மாசியில் கட்டினால் இதுதான் கிடைக்கும்.

கல்லுக்குப் பதில் கேஸ்டபிள், அதாவது கான்கிரீட் மாதிரி ஊற்றும் சூடு தாங்கும் கலவை, ஊற்றியிருந்தால் உலரவிடுங்கள். 110-இல் நிறுத்துங்கள், 350 வாக்கில் மறுபடி நிறுத்துங்கள், மணிக்கு 20, 30 டிகிரிக்கு மேல் ஏற்றாதீர்கள். உள்ளே மாட்டிய தண்ணீர் ஆவியாகி வெளியேற வழி இல்லையென்றால் லைனிங் குண்டு மாதிரி வெடிக்கும். எதிரே ஆள் நின்றால் ஆள் போய்விடுவார். சூட்டை அளக்கும் தெர்மோகப்பிளைக் காற்றில் தொங்கவிட்டுவிட்டு ரீடிங் சரியாக இருக்கிறது என்று சொல்லாதீர்கள், கல்லுக்குள் புதையுங்கள்.

இத்தனையும் சொல்வது கல்லுக்காக மட்டும் இல்லை. உடைந்த அடுக்கை யாராவது பிரிக்க வேண்டும். அந்தப் போன் வந்த இடத்தில் பிரித்துக்கொண்டிருந்தவர்கள் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு சம்மட்டியால் அடித்துக்கொண்டிருந்தார்கள், அனுப்பிய வீடியோவில் பார்த்தேன். சிலிக்கா தூசு நுரையீரலைக் கல்லாக்கும், புற்றுநோயும் தரும் என்பது உறுதியான விஷயம். சூடு வெளியே போகாமல் இருக்கச் சுற்றியிருக்கும் செராமிக் ஃபைபர் போர்வையும் அதிகச் சூட்டில் நாளாகக் கிடந்தால் கிரிஸ்டோபலைட் ஆகிவிடும். புதுசாக இருந்தபோது இருந்ததைவிடப் பிரிக்கும்போதுதான் அது ஆபத்து. துண்டு எதையும் தடுக்காது. தண்ணீர் தெளித்து ஈரமாக்கிவிட்டுப் பிரிக்கச் சொல்லுங்கள், விளக்குமாறு போட்டுக் கூட்டவிடாதீர்கள், தூசுக்கான சரியான மாஸ்க் வாங்கிக் கொடுங்கள். கான்ட்ராக்ட் ஆள்தானே என்று விட்டுவிடாதீர்கள். கல் வாங்கும் பட்டியலிலேயே அதையும் சேர்த்து எழுதுங்கள்.