ரேஷன் கார்டு பைக்குள் பதினொரு சர்குலர்

பள்ளியில் ஆதார் முகாம் நடந்த அன்று, மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவனின் பாட்டி மஞ்சள் துணிப்பையோடு வந்தார். "எல்லாக் காகிதமும் இதுலதான் இருக்கு டீச்சரம்மா, வேணுங்கறத நீங்களே பாத்து எடுத்துக்குங்க" என்று மேசைமேல் வைத்துவிட்டு நின்றார். ரேஷன் கார்டு, பேங்க் பாஸ்புக், எப்போதோ கட்டிய வீட்டு வரி ரசீது. அவற்றுக்கு அடியில் நாலாக மடித்த சின்னச் சின்னத் தாள்கள். பிரித்துப் பார்த்தால் அத்தனையும் நான் அனுப்பியவை. பெற்றோர் கூட்டம், பூச்சி மாத்திரை, காமராசர் பிறந்தநாள், தடுப்பூசி என்று ஒன்றரை வருடத்துச் சர்குலர். எண்ணினேன், பதினொன்று. ஒன்றுகூடக் கிழியவில்லை, கசங்கவில்லை.

அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பள்ளிக்கூடத்துக் காகிதம் என்றால் சர்க்கார் காகிதம், என்றைக்காவது கேட்பார்கள் என்று பத்திரப்படுத்தி வைத்திருக்கிறார்.

பதினோராவது தாள் சர்குலர் அல்ல. ஐந்து மாதத்துக்கு முன் நடமாடும் மருத்துவக் குழு வந்தபோது, பையனுக்கு இடது கண் பார்வை சரியில்லை, தாலுகா ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகவும் என்று டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டு. அதை அவன் கையில் கொடுத்து, "வீட்டுல காட்டுடா" என்று சொன்னவள் நான்தான். அவனும் காட்டியிருக்கிறான். அந்த ஐந்து மாதமும் கரும்பலகையைப் பார்த்துத் தப்புத் தப்பாக எழுதுகிறான், கவனமே இல்லை என்று அவனைத்தான் கடிந்துகொண்டிருந்தேன்.

இருபத்திரண்டு வருட வேலையில் நான் அதிகம் சொன்ன வாக்கியங்களில் ஒன்று, "இந்த ஊர்ப் பெற்றோருக்கு அக்கறையே இல்லை." அந்தப் பையைப் பார்த்த பிறகு அதைச் சொல்ல நா எழவில்லை.

எங்கள் ஊர் திருவண்ணாமலை மாவட்டத்தில் மழையை நம்பிய மேட்டு நிலம். மழை பொய்த்தால் இளவட்டங்கள் குடும்பமாகப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போய்விடுவார்கள், பிள்ளைகள் பாட்டியிடம். எங்கள் பள்ளியில் பாதிக்கு மேல் இப்படித்தான். அப்படியிருக்க நான் எழுதி அனுப்பியது என்ன? "மேற்காண் பொருள் சார்ந்து நடைபெறவுள்ள கூட்டத்தில் பெற்றோர்கள் தவறாது கலந்துகொள்ளுமாறு கேட்டுக்கொள்ளப்படுகிறார்கள்." அதிகாரியிடமிருந்து எனக்கு வந்ததை அப்படியே நகல் எடுத்திருக்கிறேன். படிக்கத் தெரிந்தவர்களுக்கே அதில் என்றைக்கு, எத்தனை மணிக்கு, எதற்கு என்பது விளங்கியிருக்காது. தலைமை ஆசிரியர் கையெழுத்தும் முத்திரையும் மட்டும் நன்றாகத் தெரிந்திருக்கும்.

அந்த வாரமே பழக்கத்தை மாற்றினேன். ஒரு தாளுக்கு ஒரே ஒரு செய்தி. தேதியோடு கிழமை. கிழமையோடு ஊர்க் கணக்கு: சந்தைக்கு மறுநாள், கிருத்திகைக்கு முந்தின நாள், ஆடி மூணாம் வெள்ளி. பாட்டிமாருக்கு பதினேழாம் தேதி என்றால் பிடிபடாது. அமாவாசை கழிந்து மூணாம் நாள் என்றால் மறக்காது. அந்தச் செய்தியைக் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகளைச் சேர்ந்து சொல்ல வைக்கிறேன். சாயங்காலம் மணி அடிக்கும் முன் இன்னொரு முறை. ஒன்றாம் வகுப்புக் குழந்தை ஐந்து சொல் கொண்ட வாக்கியத்தை வீடு வரை சிந்தாமல் கொண்டுபோகும். பத்துச் சொல் என்றால் பாதி வழியில், புளியமரத்தடியிலேயே கொட்டிவிடும்.

வாட்ஸ்ஆப் குழுவும் வைத்திருக்கிறோம். அதில் முக்கால்வாசி காலை வணக்கப் பூங்கொத்து என்பது உங்களுக்கே தெரியும். தாளைப் படம் பிடித்துப் போடுவதை நிறுத்திவிட்டு, அரை நிமிடக் குரல் பதிவு போடுகிறேன். அது பெங்களூரில் சாரத்தின்மேல் நிற்கும் அப்பாவுக்குப் போகும். ராத்திரி அவர் ஊருக்குப் பேசும்போது, "நாளைக்குப் பையன பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாம இருந்துடாதம்மா, மாத்திரை குடுக்கறாங்களாம்" என்று பாட்டியின் பட்டன் போனுக்குச் சொல்வார். பக்கத்துத் தெருவுக்குப் போகவேண்டிய செய்தி பெங்களூர் போய்த் திரும்பி வருகிறது. ஆனால் வந்துவிடுகிறது.

மாத்திரை என்றதும் சொல்லவேண்டும். தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 முதல் நடக்கிறது. பொதுவாக வருடத்துக்கு இரண்டு முறை, பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது 400 மில்லிகிராம் அல்பெண்டசோல், சப்பிச் சாப்பிடும் மாத்திரை. ஒவ்வொரு முறையும் எங்கோ ஒரு பள்ளியில் மாத்திரை தின்ற பிள்ளை மயங்கி விழுந்தது என்று ஒரு வீடியோ சுற்றும், மறுநாள் வருகைப் பதிவேட்டில் பத்துப் பேர் குறைவார்கள். நடப்பது இதுதான். வயிற்றில் பூச்சி அதிகமுள்ள பிள்ளைக்கு லேசாக வயிறு வலிக்கலாம், குமட்டலாம். மருந்து வேலை செய்வதால் வருவது அது, ஓய்வெடுத்தால் அடங்கிவிடும். மாத்திரையைச் சப்பாமல் முழுசாக விழுங்கினால் தொண்டையில் சிக்கக்கூடும். அதனால்தான் கண்முன்னே மென்று தின்ன வைத்து, தண்ணீர் கொடுத்து அனுப்புகிறோம். காய்ச்சலாக இருக்கும் பிள்ளைக்கு அன்று தருவதில்லை. விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து இன்னொரு நாள் உண்டு. கொக்கிப் புழு குடலில் இருந்து ரத்தத்தை உறிஞ்சும். காலை உணவும் சத்துணவும் தின்றும் பிள்ளை வெளிறிப்போய் இருந்தால் காரணங்களில் இதுவும் ஒன்று.

காலை உணவு பற்றி அதிகம் சொல்லவேண்டியதில்லை. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கியது, அடுத்த ஆண்டு ஆகஸ்டில் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தது. அதற்குச் சர்குலரே தேவைப்படவில்லை. செவ்வாய் கிச்சடி, புதன் பொங்கல் என்று பிள்ளைகள் எங்களைவிடத் தெளிவாகச் சொல்வார்கள். புதன்கிழமை யாரும் தாமதமாக வருவதில்லை.

பெற்றோர் தவறவிடக் கூடாது என்று நான் நினைப்பது பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தைத்தான். வந்து உட்கார்ந்து, கையெழுத்துப் போட்டு, டீ குடித்துவிட்டுப் போகும் கூட்டம் என்று பலர் நினைக்கிறார்கள். நாங்களும் ரொம்ப நாள் அப்படித்தான் நடத்தினோம், ஒத்துக்கொள்கிறேன். 2009 கல்வி உரிமைச் சட்டம் சொல்வது வேறு: உறுப்பினர்களில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். பள்ளிக்கு வரும் பணம் எப்படிச் செலவாகிறது என்று கேட்பதும், பள்ளி வளர்ச்சித் திட்டத்தை எழுதுவதும் அவர்கள் வேலை. தீர்மானம் போட்டால் அதைக் கிராம சபைக்கும் கொண்டுபோகலாம். எங்கள் பள்ளிக் கழிப்பறைக்குத் தண்ணீர் வந்தது அப்படித்தான். நான் மூன்று முறை கடிதம் எழுதியும் நகராத விஷயம், நாலு அம்மாமார் அக்டோபர் 2 கிராம சபையில் எழுந்து நின்று கேட்டதும் நகர்ந்தது.

கூட்டத்துக்கு ஆள் வராததற்கு எங்கள் பக்கமும் தவறு உண்டு. காலை பதினொரு மணிக்கு வைத்தால் நூறு நாள் வேலைக்குப் போகிறவர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு வரவேண்டும். சாயங்காலத்துக்கு மாற்றிய மாதம் ஆறு பேர் பத்தொன்பதானார்கள். அதில் ஒருவர், "இத்தன வருசமா எங்கள வையறதுக்குத்தான் கூப்புடறீங்கன்னு நெனச்சோம்" என்றார்.

ஆதார் விஷயத்தில் ஒன்று மட்டும். பிறந்ததும் எடுத்த நீலநிற அட்டையே போதும் என்று பலர் இருக்கிறார்கள். அதில் குழந்தையின் கைரேகையோ கருவிழியோ இல்லை. ஐந்து வயது முடிந்ததும் அவற்றைப் பதிந்து புதுப்பிக்க வேண்டும். ஐந்திலிருந்து ஏழு வயதுக்குள் செய்தால் கட்டணம் கிடையாது. பள்ளியிலேயே முகாம் வரும்போது முடித்துக்கொள்ளுங்கள். பெயரின் எழுத்து, பிறந்த தேதி எல்லாம் பிறப்புச் சான்றிதழில் உள்ளபடியே இருக்கிறதா என்று அப்போதே பாருங்கள். ஒன்றாம் வகுப்பில் விட்ட ஒரு எழுத்துப் பிழையோடு பத்தாம் வகுப்பில் அலைகிற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன்.

கலைத் திருவிழா, குழந்தைகள் தினம், ஆண்டு விழா இதெல்லாம் பிள்ளைகளே வீட்டைத் துளைத்தெடுத்துச் சொல்லிவிடுவார்கள். இதில் நான் சொல்லவேண்டியது பெற்றோருக்கு அல்ல, சக ஆசிரியர்களுக்கு. நவம்பர் 14க்கு வெள்ளைச் சட்டையில் ரோஜாப்பூ என்று நவம்பர் 12 அன்று சொல்லாதீர்கள். வாரக் கூலி வாங்குகிற வீட்டில் இரண்டு நாளில் வெள்ளைச் சட்டைக்கு எங்கே போவார்கள்? அன்று பள்ளிக்கு வராத பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பதிவேட்டில் எழுதியிருப்போம்.

மருத்துவக் குழு வருடத்துக்கு ஒருமுறை பள்ளிக்கு வரும். இப்போது மேல்சிகிச்சைச் சீட்டை நான் பிள்ளை கையில் கொடுப்பதில்லை. வீட்டுப் பெரியவர் ஒருவரை வரவழைத்து, எந்த ஆஸ்பத்திரி, எந்தக் கிழமை, எந்த பஸ் என்று வாயால் சொல்லிக் கொடுக்கிறேன். வர முடியாதவர் வீட்டுக்கு நானோ உதவி ஆசிரியரோ போகிறோம். கண் விஷயத்தில் தள்ளிப்போடுவது பெரிய ஆபத்து. ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கினால் குழந்தைக்கு அது தெரியாது, மற்றக் கண்ணால் சமாளித்துவிடும். மூளை மெல்ல அந்தக் கண்ணைக் கைவிட்டுவிடும். வயது ஏற ஏறத் திருத்துவது கடினம். பையனுக்குக் கண்ணாடி வந்துவிட்டது, நல்ல கண்ணை தினமும் கொஞ்ச நேரம் மூடி வைக்கச் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் ஐந்து மாதம் முன்னால் வந்திருக்கலாமே என்று அந்த டாக்டர் கேட்டபோது பாட்டி என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் தேவலை.

இந்த வாரம் எங்கள் பள்ளியிலிருந்து வீடுகளுக்குப் போன செய்தி இவ்வளவுதான். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை பிள்ளைகள் கத்திச் சொன்னது:

"செவ்வாக்கிழமை, சந்தைக்கு மறுநாள், பூச்சி மாத்திரை. சாப்பிட்டுட்டு வரணும். கட்டாயம் வரணும்."