ஐஜிஇ கூடியிருக்கிறது என்று முட்டையை நிறுத்தாதீர்கள்

கம்பத்தில் என் கிளினிக்கிற்கு இந்த மழைக்காலம் முழுக்க ஒரே மாதிரி ரிப்போர்ட்டாக வருகிறது. விடியும் முன்பே ஜீப் ஏறி, குமுளி மலையில் ஏலத்தோட்ட வேலைக்குப் போகும் அம்மாக்கள் தாளை நீட்டுகிறார்கள். "ஐஜிஇ ஆயிரத்தத் தாண்டிருச்சாம் டாக்டர். முட்டை, மீனு, பாலு எல்லாத்தையும் நிறுத்திட்டோம்." கடைசியாக வந்த குழந்தை மாதக்கணக்கில் ரசஞ்சோறு மட்டும் தின்று எடை குறைந்து, வெளிறிப்போயிருந்தது. அதைப் பார்த்த பிறகு எழுதாமல் இருக்க முடியவில்லை.

ஐஜிஇ என்பது ரத்தத்தில் மிகமிகக் குறைவாக இருக்கும் ஓர் எதிர்ப்பொருள். 1966-இல் ஜப்பானிய விஞ்ஞானிகளான இஷிசாகா தம்பதி இதை அலர்ஜிக்காரர்களின் சீரத்திலிருந்துதான் பிரித்தறிந்தார்கள். அதனாலோ என்னவோ, ஐஜிஇ என்றாலே அலர்ஜி என்று ஆகிவிட்டது. கத்தரிக்காயும் கருவாடும் கரப்பான் என்று வீட்டில் ஏற்கெனவே பயம் வேறு. ரிப்போர்ட் அதற்குச் சாட்சியாகிவிடுகிறது.

தயவுசெய்து கேளுங்கள். அந்தத் தாளில் இருப்பது மொத்த ஐஜிஇ. எதற்கு எதிரான ஐஜிஇ என்று அது சொல்லாது. வீரபாண்டித் திருவிழாவில் எவ்வளவு கூட்டம் என்று தெரிந்தால், யார் சங்கிலியை அறுத்தார்கள் என்று தெரிந்துவிடுமா? முட்டை தின்ற சில நிமிடத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் தடிப்பு, உதடு வீக்கம், வாந்தி, இளைப்பு வந்தால் அது சந்தேகம். இத்தனை நாளும் முட்டை தின்று ஒன்றும் ஆகாத பிள்ளைக்கு எந்த எண்ணைக் காட்டியும் முட்டையை நிறுத்தக் கூடாது. முட்டைக்கென்றே தனியாக எடுத்த ஐஜிஇ பாசிட்டிவ் என்றாலும் இதே பதில்தான்.

அப்படியானால் ஏன் கூடியது? ஆஸ்துமா, தோல் கரப்பான் இருந்தால் கூடும். எங்கள் பக்கம் நான் முதலில் கேட்பது, "செருப்புப் போட்டு நடக்கிறானா?" என்றுதான். ஈரமண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியாகவே ஏறும். புழுவை எதிர்க்கவும் உடம்பு ஐஜிஇயைத்தான் கூட்டுகிறது. அந்தக் குழந்தையின் சோகைக்கும் மலப் பரிசோதனைதான் விடை சொன்னது.

கடையில் கேட்டு "அலர்ஜி ஊசி" போட்டுக்கொள்வதை நிறுத்துங்கள். பெரும்பாலும் அது ஸ்டீராய்டு. ஸ்ட்ராங்கிலாய்ட்ஸ் என்ற புழு குடலில் இருப்பவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால், புழு உடம்பெங்கும் பரவி உயிரையே எடுக்கலாம். பள்ளியில் தரும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரையை வாங்கிக் கொடுங்கள். ஆனால் ஸ்ட்ராங்கிலாய்ட்ஸுக்கு அது போதாது, ஐவர்மெக்டின் வேண்டும். அதை டாக்டர் முடிவு செய்யட்டும்.

உண்மையான அலர்ஜிக்குப் பயப்படுங்கள். தோட்டத்தில் கதண்டு கொட்டி முகம் வீங்கி, மூச்சு முட்டி, தலை சுற்றினால் செட்டிரிசின் என்ற அலர்ஜி மாத்திரையைப் போட்டுவிட்டுக் காத்திருக்காதீர்கள். படுக்க வையுங்கள், மூச்சு முட்டினால் உட்கார விடுங்கள், எழுந்து நடக்க விடாதீர்கள். உடனே 108. தொடையில் அட்ரினலின் ஊசி போட வேண்டும், அதுவும் சீக்கிரம்.