ஆர்க்கிடெக்சருக்குள் ஒரு தச்சன்

ரெடுயியில் மொரீசியஸ் பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கும் பெண் ஒருத்தி ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு வருகிறாள். போன வாரம் தன் பாடக் குறிப்பின் தலைப்பைத் தமிழில் எழுதிக் காட்டினாள்: 'கணினி கட்டிடக்கலை மற்றும் நிறுவனம்'. 'கம்ப்யூட்டர் ஆர்க்கிடெக்சர் அண்ட் ஆர்கனைசேஷன்' என்ற பாடப் பெயரைக் கைபேசி இப்படிப் பெயர்த்துக் கொடுத்ததாம். கட்டடமும் கட்டிக்கொண்டு கணினியும் விற்கிற கம்பெனியின் பெயர்ப்பலகை போலிருந்தது.

ஆர்க்கிடெக்சர் கிரேக்கத்திலிருந்து வந்த சொல். 'ஆர்க்கி' என்றால் தலைமை, 'தெக்தோன்' என்றால் தச்சன். தெக்தோனும் சமஸ்கிருதத்துத் தக்ஷனும் ஒரே மூலத்தவர்கள். நம் தச்சன் அந்தத் தக்ஷன் வழி வந்தவன் என்பார்கள்; 'தை' என்னும் தமிழ் வேரில் பிறந்தவன் என்று வாதாடுவோரும் உண்டு. வழக்கு எப்படி முடிந்தாலும், ஆர்க்கிடெக்ட் என்பதற்குச் சொல்லுக்குச் சொல் நிகர் 'பெருந்தச்சன்'தான். தஞ்சைப் பெரியகோயில் கல்வெட்டில் குஞ்சரமல்லனுக்கு 'இராஜராஜப் பெருந்தச்சன்' என்று பட்டமே இருக்கிறது. இந்தத் தீவுக்கும் தச்சன் புதியவன் அல்ல. 1735இல் ஆளுநராக வந்த லாபூர்தொன்னே, போர்ட் லூயிஸை எழுப்பப் புதுச்சேரியிலிருந்து தச்சரையும் கொத்தரையும் வரவழைத்தார்.

கணினிக்காரர்கள் ஆர்க்கிடெக்சர் என்ற சொல்லை எடுத்துக்கொண்டது ஐபிஎம் நிறுவனத்தில். 1964இல் அது சிஸ்டம்/360 என்ற கணினிக் குடும்பத்தை அறிவித்தது. விலையிலும் வேகத்திலும் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம். ஆனால் கட்டளைகள் ஒன்றே. ஒன்றுக்கு எழுதிய நிரல் மற்றொன்றிலும் ஓடும். அதே ஆண்டு, அதை வடிவமைத்த அம்தால், பிளாவ், புரூக்ஸ் மூவரும் எழுதிய கட்டுரை கோடு கிழித்துக் காட்டியது: நிரல் எழுதுபவர் கண்ணுக்குத் தெரிவது ஆர்க்கிடெக்சர், தரவு உள்ளே எந்த வழியில் ஓடுகிறது, யார் அதை ஏவுகிறார் என்பது ஆர்கனைசேஷன். 32 பிட் (பிட் என்பது 0 அல்லது 1 என்னும் ஓர் இலக்கம்) எண்கள் இரண்டைக் கூட்டு என்றால், அந்தக் குடும்பத்தின் மாடல் 50 அதை ஒரே வாயில் விழுங்கும். மாடல் 30இன் பாதை 8 பிட் அகலம்தான். நான்கு கடியாகக் கடித்துத் தின்னும். விடை ஒன்றே.

அவளுக்கு இதைத் தால்பூரி, அதாவது பருப்பு வைத்த மெல்லிய ரொட்டி, விற்கும் வண்டியை வைத்துச் சொன்னேன். கிரியோல் மொழியில் 'ஏன் பேர்' என்று கேட்டால் எந்த வண்டியிலும் ஒரு ஜோடி கிடைக்கும். அது ஆர்க்கிடெக்சர். அதை உள்ளே எப்படிச் செய்கிறார்கள் என்பது ஆர்கனைசேஷன். ஒரு வண்டியில் ஒரே ஆள் பூரியை விரித்து, குரோப்புவா என்னும் அவரைக்கொட்டைக் கறியும் ருகாய் என்னும் தக்காளித் தொக்கும் தடவி, தாளில் சுருட்டித் தருகிறார். பக்கத்து வண்டியில் ஒருவர் விரிக்க, அடுத்தவர் தடவ, மூன்றாமவர் சுருட்டுகிறார். முதல் ஜோடி தாளுக்குப் போகும்போதே இரண்டாவதில் கறி விழுகிறது. பைப்லைன் என்று அவள் பாடத்தில் வருவது இதுதான். வரிசையில் நிற்பவர் கேட்கும் வார்த்தை மட்டும் மாறுவதில்லை.

ஆர்க்கிடெக்சருக்குக் 'கட்டமைப்பு' என்பது நிலைத்துவிட்டது, இருக்கட்டும். தச்சனைத் தொலைத்த சொல் என்ற சின்ன வருத்தம் எனக்கு உண்டு.

சிக்கல் ஆர்கனைசேஷனில்தான். 'நிறுவனம்' இங்கே முழுத் தவறு. 'ஒழுங்கமைப்பு' தவறில்லை, ஆனால் நம் பிள்ளைகள் கணினியை அழைப்பதே 'ஓர்தினாத்தர்' என்று. 1955இல் ஐபிஎம் பிரான்சு கேட்டதற்கு மொழிப் பேராசிரியர் ழாக் பெரே தந்த சொல் அது, பொருள், ஒழுங்குபடுத்துபவர். 'கணினி ஒழுங்கமைப்பு' என்றால் பிரெஞ்சு பழகிய காதுக்கு ஒழுங்கு இரண்டு முறை கேட்கும். ஆர்கனைசேஷனின் வேரோ 'ஒர்கனோன்', அதாவது கருவி; உடலுறுப்பைக் குறிக்கும் சொல்லும் அதன் வழி வந்ததே. அதனால் நான் 'உறுப்பமைவு' என்பேன். பகுபத உறுப்பிலக்கணம் படித்த பிள்ளைக்கு, பகுதி, விகுதி, இடைநிலை என்று சொல்லைப் பிரித்துப் பழகிய கை, கணக்கீட்டுப் பகுதி, கட்டுப்பாட்டுப் பகுதி, நினைவகம் என்று பிரிக்கத் தயங்காது.

'கணினி கட்டமைப்பும் உறுப்பமைவும்' என்று திருத்தி எழுதினாள். 'கணினி'க்குப் பின் 'க்' மட்டும் விட்டுப்போயிருந்தது. சிவப்பு மையில் போட்டுக் கொடுத்தேன்.