நைட்ரஜனைப் பிடித்து வைக்கும் மணிகள்

"காற்று இலவசம். அதில் ஐந்தில் ஒரு பங்கு ஆக்சிஜன். பிறகு ஏன் ஆப்பிரிக்க மருத்துவமனைகள் சிலிண்டருக்குத் தவிக்கின்றன?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார்.

காற்றில் 78 சதவீதம் நைட்ரஜன். அதை விலக்கினால் போதும். விலக்குவது சியோலைட் என்ற கடுகளவு மணிகள். பலரும் இதைச் சல்லடை என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நைட்ரஜன், ஆக்சிஜன் இரண்டின் மூலக்கூறுகளும் ஏறக்குறைய ஒரே பருமன், இரண்டுமே மணியின் நுண்துளைக்குள் புகும். வித்தியாசம் மின்சுமையில் இருக்கிறது. துளைச் சுவர்களில் நேர்மின் சுமை கொண்ட சோடியம் அல்லது லித்தியம் அயனிகள் உட்கார்ந்திருக்கும். நைட்ரஜன் மூலக்கூறின் இரு முனைகளிலும் லேசான எதிர்மின் தன்மை உண்டு. ஆக்சிஜனில் அது மிகக் குறைவு. அதனால் காற்றை அழுத்திச் செலுத்தினால் நைட்ரஜன் ஒட்டிக்கொள்ள, ஆக்சிஜன் நழுவி மேலே வந்துவிடும். மணிகள் நிரம்பியதும் அழுத்தத்தை இறக்கினால் 'புஸ்'ஸென்று நைட்ரஜன் வெளியேறும், மணிகள் மறுபடி தயார். மணிகள் அடைத்த இரண்டு கோபுரங்கள் இப்படி மாறி மாறி மூச்சுவிடும். எதுவும் எரிவதில்லை, எதுவும் தீர்வதில்லை! காற்றில் உள்ள ஆர்கான் என்ற வாயுவும் கூடவே வருவதால் தூய்மை சுமார் 93 சதவீதம். நோயாளிக்கு அது போதும்.

கென்யாவின் மேற்கே சியாயாவில் 2014-ல் இப்படி ஒரு ஆலையைத் தொடங்கியது ஹேவா டெலே என்ற அமைப்பு. அந்தப் பெயருக்குச் சுவாஹிலி மொழியில் 'ஏராளமான காற்று' என்று பொருள். அரசும் தனியாரும் நன்கொடையாளர்களும் கைகோத்த முயற்சி. சிறிய மருத்துவமனை ஒன்றுக்கு மட்டும் ஆலை வைத்தால் கரண்ட் பில்லே கட்டுப்படியாகாது. அதனால் ஒரே ஆலையிலிருந்து லாரி ஊர் ஊராகப் போய், நிறைந்த சிலிண்டரை இறக்கி, காலியானதை ஏற்றிவரும்.

மயக்க மருந்துக்குத் துணையாக மட்டுமே உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருந்த ஆக்சிஜன், ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவதற்கான மருந்தாக 2017-ல்தான் சேர்ந்தது. மருந்து என்றான பிறகு, நிமோனியாவில் திணறும் குழந்தையின் கட்டிலருகே ரசீதை நீட்டக்கூடாது. அரசு மொத்தமாக வாங்கிக் கொடுக்க வேண்டும் என்பதே என் கட்சி. மாதாமாதம் நிச்சயமாக வாங்க அரசு இருந்தால் முதலீட்டாளரும் துணிந்து வருவார்.

இன்னொன்று, ஈரம். நைட்ரஜனைவிடத் தண்ணீரைத்தான் சியோலைட் இறுக்கிப் பிடிக்கும். காற்றை உலர்த்தும் ஃபில்டரை மாற்றாமல் விட்டால் மணிகள் நனைந்து, ஆக்சிஜனின் தூய்மை சரியும். இயந்திரத்துக்குப் பணம் தருபவர்கள் ஃபில்டருக்கும் மெக்கானிக் சம்பளத்துக்கும் சேர்த்தே ஒப்பந்தத்தில் எழுத வேண்டும்.