அணுகல்தன்மையை டெஸ்டர் தலையில் மட்டும் கட்டாதீர்கள்

ஒரு மென்பொருள் குழுவில் போய் "அக்சஸிபிலிட்டி இங்கே யார் பொறுப்பு?" என்று கேட்டுப் பாருங்கள். மாற்றுத்திறனாளிகள், வயதானவர்கள் உட்பட எல்லாராலும் பயன்படுத்த முடிவதைத்தான் அக்சஸிபிலிட்டி, அணுகல்தன்மை என்கிறோம். எல்லார் கண்ணும், மென்பொருளைச் சோதித்துக் குறை தேடுகிற டெஸ்டர் பக்கம் திரும்பும். ஹட்டனில் இருந்துகொண்டு கொழும்புக் குழுக்களுக்கு டெஸ்டிங் செய்கிற எனக்கு அந்தப் பார்வை நன்றாகப் பழக்கம். வெளியிட ஓரிரு நாள் இருக்கும்போது "கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று இணைப்பு வரும். பார்த்து, நீளமாக எழுதி அனுப்புவேன். சிலதைத் திருத்துவார்கள், மிச்சம் அடுத்த ஸ்பிரின்டுக்கு, அதாவது அடுத்த வேலைச் சுற்றுக்குப் போகும், அங்கிருந்து அதற்கடுத்த ஸ்பிரின்டுக்கு. யாருக்கும் கெட்ட எண்ணம் கிடையாது. குறை உண்டாகும்போது ஆள் வைக்காமல், முடிந்த பிறகு ஆள் வைத்துத் தேடுகிறோம்.

ஒரே ஒரு திரையை முழுதாகப் பார்த்தால் நான் சொல்வது விளங்கும். போனுக்கு வரும் ஓடிபி எண்ணைத் தட்டுகிற திரை. காசு அனுப்ப, பில் கட்ட, வைத்தியரிடம் நேரம் எடுக்க, எதற்குப் போனாலும் இதைத் தாண்டித்தான் போக வேண்டும். நான் சோதித்த ஒன்றில் ஆறு இலக்கத்துக்கு ஆறு தனிப்பெட்டி. திரையில் இருப்பதைப் பார்வையற்றவர்களுக்குக் குரலில் வாசிக்கும் என்விடிஏ என்ற திரைவாசிப்பானைப் போட்டுக் கேட்டால் ஒவ்வொரு பெட்டியிலும் "எடிட், பிளாங்க்" என்று மட்டும் சொல்லும். எதற்கான பெட்டி, எத்தனையாவது இலக்கம், ஒன்றும் தெரியாது. எஸ்எம்எஸ்ஸில் இருந்து எண்ணைக் கொப்பி பண்ணி ஒட்டவும் முடியாது. அறுபது விநாடி போனதும் திரை தானாக முதல் பக்கத்துக்குத் திரும்பிவிடும். எண் பிழை என்றால் பெட்டியின் விளிம்பு சிவப்பாகும், அவ்வளவுதான். அந்தச் சிவப்பைக் காண முடியாதவர், எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துக் காத்துக்கொண்டே இருப்பார்.

இந்த நான்கும் ஒரே டிக்கெட்டாக, அதாவது ஒரே குறைப் பதிவாகத்தான் என்னிடமிருந்து போயின. ஆனால் அவற்றை உண்டாக்கியவர்கள் வேறு வேறு ஆட்கள். ஆறு பெட்டி, வடிவமைப்பாளரின் முடிவு. ஒட்டவிடாமல் தடுத்தது, பாதுகாப்பு என்று நினைத்து டெவலப்பர் சேர்த்த ஒரு வரி. அறுபது விநாடி, என்ன செய்வது என்று முடிவெடுக்கும் புரொடக்ட் ஓனரும் பாதுகாப்புப் பொறுப்பாளரும் பேசி வைத்தது. பிழை வந்தால் என்ன வசனம் காட்டுவது என்று உள்ளடக்கம் எழுதுபவரிடம் யாரும் கேட்கவே இல்லை. திட்டமிடுகிற அன்றே பேசியிருந்தால் எல்லாம் சேர்ந்து ஒரு தேநீர் நேரப் பேச்சு: ஒரே உள்ளீட்டுப் பெட்டி, அதற்கு ஒழுங்கான லேபிள், ஒட்ட அனுமதி, நேரம் முடியும் முன் ஒரு அறிவிப்பு, திரைவாசிப்பான் தானாக வாசிக்கிற பிழைச் செய்தி. கடைசியில் பிடிபட்டால் வடிவத்தை மாற்றி, கோட் வரிகளை மாற்றி, மூன்று மொழியிலும் வசனம் எழுதி, திரும்பவும் சோதிக்க வேண்டும். அதனால்தான் தள்ளிப் போடுகிறார்கள்.

இதற்கெல்லாம் விதி இல்லாமல் இல்லை. இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் டபிள்யூசிஏஜி என்ற அணுகல்தன்மை வழிகாட்டி 1999 முதல் இருக்கிறது, 2.2 பதிப்பு 2023 ஒக்டோபரில் வந்தது. நேர எல்லை வைத்தால், முடிவதற்கு முன் எச்சரித்து, ஒரு எளிய தொடுகையால் நீட்டித்துக்கொள்ளக் குறைந்தது 20 விநாடி கொடுப்பது அதில் சொல்லப்பட்ட வழிகளில் ஒன்று. நேர எல்லை உண்மையிலேயே தவிர்க்க முடியாதது என்றால் விலக்கும் உண்டு. ஆனால் அது தவிர்க்க முடியாததா என்று டெஸ்டர் எப்படித் தீர்மானிப்பது? அதற்குப் பாதுகாப்புப் பொறுப்பாளர் பேச்சில் இருக்க வேண்டும்.

அறுபது விநாடி என்பது நல்ல சிக்னல் உள்ள அறையில் உட்கார்ந்து வைத்த எண். மஸ்கெலியா, பொகவந்தலாவைப் பக்கம் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்கள் பலவற்றில் வீட்டுக்குள் சிக்னல் எட்டாது. எஸ்எம்எஸ் வர மேட்டுக்கோ ரோட்டுக்கோ ஏற வேண்டும். எண் வந்து சேரும்போது திரை போயிருக்கும். வருஷக்கணக்காகக் கொழுந்து பறித்துக் காய்த்துப்போன விரலால் அந்தக் குட்டிப் பெட்டியைத் தொடுவதும் லேசு இல்லை. தொடும் இடம் குறைந்தது 24க்கு 24 பிக்சல் என்கிறது அந்த 2.2 பதிப்பு; அதன் உயர்நிலை விதி 44 கேட்கிறது. எங்கள் அம்மாமாருக்காக நான் 44 தான் கேட்பேன். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் ஐந்து வயதும் அதற்கு மேலும் உள்ளவர்களில் 8.7 சதவீதமானோர் பார்ப்பது, கேட்பது, நடப்பது போன்ற ஏதோவொன்றில் சிரமம் உள்ளவர்கள். கண்புரையோடு போனைத் தூரப் பிடித்துப் பார்க்கிற எத்தனையோ பேர் தங்களை அந்தக் கணக்கில் சேர்த்துச் சொல்லியே இருக்கமாட்டார்கள்.

தமிழ்ப் பதிப்பைப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அநேக குழுக்களில் ஆங்கிலம் முடிந்து, சிங்களம் முடிந்து, கடைசியாகத்தான் தமிழ் வருகிறது. எழுத்தை மட்டும் மாற்றுவார்கள். பக்கத்தின் மொழி என்ன என்று சொல்லும் குறி ஆங்கிலமாகவே கிடக்கும். திரைவாசிப்பான் தமிழ்ப் பக்கத்தை ஆங்கிலக் குரலில் வாசிக்கப் போய் எழுத்துகளைத் தாண்டிவிடும், அல்லது விளங்காத சத்தமாகக் கொட்டும். படத்தைக் காண முடியாதவருக்காக எழுதுகிற மாற்று விளக்கமும் ஆங்கிலத்திலேயே இருக்கும்.

அப்புறம் பாமினி. இன்றைக்கும் நம் நாட்டில் அறிவித்தல்கள் பாமினி எழுத்துருவில் தட்டப்பட்டு இணையத்தளத்தில் ஏறுகின்றன. "அம்மா" என்று கண்ணுக்குத் தெரிந்தாலும் உள்ளே இருப்பது எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்ற விசைகள். திரைவாசிப்பான் அதைத்தான் வாசிக்கும். தேடினாலும் கிடைக்காது. இதை டெவலப்பரால் தனியாகச் சரிசெய்ய முடியாது; அறிவித்தலைத் தட்டுகிறவரே, கருவிகள் தமிழாகவே அடையாளம் காணும் யுனிகோடில் தட்ட வேண்டும், அவரிடம் அதை எடுத்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

ஆங்கிலச் சொல்லை வைத்து உயரம் முடிவு செய்த பொத்தானில் தமிழைப் போட்டு எழுத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். மேலே புள்ளியும் விசிறியும் வெட்டுப்படும், கீழே உகரக் குறி மறையும். கண் மங்கலானவர்தான் எழுத்தைப் பெரிதாக்குகிறார், அவருக்குத்தான் பாதி எழுத்து கிடைக்கிறது. தமிழ் தெரிந்த ஒருவர் முதல் வரைவிலேயே இருந்தால் இது நடக்காது.

அணுகல்தன்மையை ஆராயும் வெப்எய்ம் அமைப்பு ஆண்டுதோறும் பத்து இலட்சம் முகப்புப் பக்கங்களைச் சோதிக்கிறது. 2025 இல் அவற்றில் 94.8 சதவீதத்தில் தானியங்கிக் கருவிக்கே தெரிகிற குறை இருந்தது. அதிகமாக இருந்தது, பின்னணியோடு கலந்துபோகும் மங்கலான எழுத்து. நிறம் முடிவாவது ஒரு வரி கோட் எழுதும் முன்பே. அங்கே எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையே 4.5க்கு 1 என்ற ஒளி வேறுபாட்டை வடிவமைப்பாளர் பார்த்துவிட்டால் முடிந்தது.

என்னுடன் வேலை செய்யும் குழு ஒன்றில் இப்போது புரொடக்ட் ஓனர் ஒவ்வொரு வேலைக் குறிப்பிலும் "விசைப்பலகையால் மட்டும் முடிக்க முடிய வேண்டும்" என்று, வேலை முடிந்ததாக ஏற்பதற்கான நிபந்தனையாகவே எழுதுகிறார். ஸ்பிரின்ட் முடிவில் டெமோ காட்டுகிறவர் மவுஸைத் தொடாமல் காட்ட வேண்டும். முறை வைத்து எல்லாரும் காட்டுகிறோம், மேனேஜரும் சேர்த்து. டேப் விசை எங்கேயோ போய் மாட்டிக்கொண்டு எல்லார் முன்னாலும் நிற்கும்போது யாரும் விதி எண் சொல்லிப் புரியவைக்கத் தேவையில்லை. முன்பு எனக்கு வந்த குறைகளில் பெரும்பகுதி இப்போது வருவதே இல்லை.

மேலிடத்துக்குக் காரணம் வேண்டுமா, அதுவும் இருக்கிறது. 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் மாற்றுத்திறனாளிகளின் உரிமையைப் பாதுகாக்கிறது. தகவல் தொழில்நுட்பத்தையும் அணுகக்கூடியதாக்கச் சொல்லும் ஐ.நா. உடன்படிக்கையை இலங்கை 2016 இல் ஏற்று உறுதிசெய்தது. ஐரோப்பிய வாடிக்கையாளருக்கு வேலை செய்கிறவர்களுக்கு 2025 ஜூன் 28 முதல் அங்கே தனிச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது.

கடைசியாக ஒன்று. பார்வையற்ற ஒருவரை, வயதான ஒருவரைச் சோதிக்க அழைத்தால் அதை உதவியாகக் கேட்காதீர்கள். அவர் செய்வது வேலை, அதற்குக் கூலி கொடுங்கள், பஸ் காசு தனி. முடிந்தால் அவரைக் கொழும்புக்குக் கூப்பிடாமல் நீங்கள் ஹட்டனுக்கோ பதுளைக்கோ வாருங்கள். அவர் போனிலேயே, அவர் வீட்டுச் சிக்னலிலேயே சோதிக்கலாம். வரும்போது டெவலப்பரையும் வடிவமைப்பாளரையும் கூட்டிக்கொண்டு வாருங்கள்.