ஹாம்: கை வராதவரா, ஆர்வலரா?

புயல் எச்சரிக்கைக் கூண்டு என்றால் என்னவென்று கடலூர்த் துறைமுகத்துச் சிறுவனும் சொல்லிவிடுவான். எந்தக் கூண்டு ஏறினால் படகை இறக்கக் கூடாது, எந்தக் கூண்டுக்குப் பாயைச் சுருட்டிக்கொண்டு மேட்டுப் பக்கம் போக வேண்டும் என்பதெல்லாம் இங்கே வீட்டுப் பேச்சு. அந்தப் புயலில் செல்பேசி ஊமையான பிறகும் செய்தி சொல்லக் கூடிய ‘ஹாம்’ மட்டும் பலருக்குத் தெரியாத சொல்லாகவே இருக்கிறது. புதுச்சேரியில் அதைக் கேட்டால் உணவகத்துப் பன்றி இறைச்சிதான் நினைவுக்கு வரும்.

ஹாம் என்பவர் அரசு உரிமம் பெற்று, சொந்தக் கருவியால் ரேடியோ அலை வழியே பிறரோடு பேசுபவர். இந்தியாவில் 12 வயது நிரம்பியவர் அதற்கான தேர்வை எழுதலாம். தேறினால் வி.யு.2 அல்லது வி.யு.3 என்று தொடங்கும் அழைப்புக் குறி, அதாவது அலையில் அவரை அடையாளம் காட்டும் பெயர், கிடைக்கும். பாட்டு ஒலிபரப்பக் கூடாது, காசு வாங்கிக்கொண்டு செய்தி அனுப்பக் கூடாது.

இறைச்சிக்கும் இந்தச் சொல்லுக்கும் உறவு உண்டு என்பார்கள். பன்றித் தொடை போன்ற கனத்த கையை உடையவர் என்ற ஏளனத்திலிருந்து வந்தது என்பது ஒரு விளக்கம். 19ஆம் நூற்றாண்டு முடிவதற்குள், அமெரிக்கத் தந்தி அலுவலகங்களில் மோர்ஸ் குறியைத் தடுமாறித் தட்டியவரை ‘ஹாம்’ என்று அழைக்கத் தொடங்கிவிட்டார்கள். நம் வழக்கில் சொன்னால், கை வராதவர். கம்பியில்லாத் தந்தி வந்ததும், தாமே கருவி செய்து குறுக்கே பேசிய இளைஞர்களின் மேல் தொழில்முறைத் தந்தியாளர்கள் அதே வசையை வீசினார்கள். வசை வாங்கியவர்கள் அதைப் பெயராகவே சூடிக்கொண்டார்கள். ரேடியோ முன்னோடிகளான ஹெர்ட்ஸ், ஆம்ஸ்ட்ராங், மார்க்கோனி ஆகிய மூவரின் முதலெழுத்துகள் சேர்ந்த சொல் இது என்று ஒரு கதை உலவுகிறது. ஆம்ஸ்ட்ராங் பிறந்ததே 1890இல்; அவர் சிறுவனாக இருந்தபோதே தந்தி அலுவலகங்களில் இந்த வசை வழங்கிவிட்டது. கதையை விட்டுவிடலாம்.

இந்தப் பணியின் முறையான பெயர் ‘அமெச்சூர் ரேடியோ’. அமெச்சூர் பிரெஞ்சு வழியாக வந்த சொல்; வேர் லத்தீனில் ‘நேசிப்பவர்’. புதுச்சேரியில் பிரெஞ்சு படித்த முதியவரைக் கேட்டால், ஓவியத்தின் ‘அமத்தர்’ என்பவர் ஓவியத்தில் உயிரை வைத்தவர் என்று சொல்வார். ஆங்கிலத்தைக் கடந்து நம்மிடம் வந்தபோது அந்த நேசம் உதிர்ந்துவிட்டது. தமிழில் ‘அமெச்சூர்த்தனம்’ என்றால் அரைகுறை வேலை. ஒரே பணியின் இரண்டு பெயர்களுமே தகாத பொருளைச் சுமந்துகொண்டு வந்தது எனக்கு உறுத்தலாக இருக்கிறது.

தமிழில் இதற்கு ‘பொழுதுபோக்கு வானொலி’ என்று சிலர் எழுதுகிறார்கள். இதை நான் ஏற்க மாட்டேன். 2004 டிசம்பர் 26 காலையில் கடலூர்த் தேவனாம்பட்டினத்தை அடித்த அதே ஆழிப்பேரலை அந்தமானையும் அடித்தது. அந்த மாதம் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்த இந்திய ஹாம் குழு ஒன்று, தீவுகளின் தொடர்பு அறுந்தபோது செய்திகளைப் பெருநிலத்துக்குக் கடத்தியது. உறவினர் உயிரோடு இருக்கிறாரா என்ற கேள்விக்குப் பதில் தேடிக் கொடுத்தது. பொழுதைப் போக்கியவர் செய்த வேலையா அது?

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவே கரையேறியதை நினைத்துப் பாருங்கள். பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. பல ஊர்களில் மின்சாரம் திரும்ப நாள்கணக்கானது. செல்பேசிக்குக் கோபுரம் வேண்டும், கோபுரத்துக்கு மின்சாரம் வேண்டும். ஹாமுக்குத் தம் கருவியோடு ஒரு 12 வோல்ட் கார் பேட்டரியும், ஏறத்தாழ 20 மீட்டர் செம்புக் கம்பியும், அதைக் கட்ட இரண்டு மூங்கில் கழிகளும் போதும். 7 மெகாஹெர்ட்ஸ் அலை மேலே அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பி, இடையில் எந்தக் கோபுரமும் இல்லாமல் தொலைவில் இறங்கும்.

‘பயில்முறை வானொலி’ என்பது இன்னொரு பரிந்துரை. நாடகக் குழுவுக்குப் பொருந்தும் இந்த அடைமொழி, இங்கே தேர்வில் தேறியவரை இன்னும் பயிற்சி பெறுபவராக்கிவிடும். ‘சமுதாய வானொலி’ வேறு. புதுவைப் பல்கலைக்கழகத்தின் புதுவை வாணி போன்ற ஒலிபரப்பு அது.

என் தேர்வு ‘ஆர்வலர் வானொலி’. ஆர்வலர் என்ற சொல்லை வள்ளுவர் 71ஆம் குறளில் ஆள்கிறார். அன்புக்குரியவரின் துன்பத்தைக் கண்டதும் அடக்க முடியாமல் கண்ணீர் விடுபவர் அங்கே ஆர்வலர். பரிமேலழகர் அதற்குச் சொல்லும் பொருள் ‘அன்புடையார்’. லத்தீன் வேரின் பொருளும் அதுவே. 74ஆம் குறளில் அன்பு ஆர்வத்தை ஈன்றெடுக்கிறது. தன் உறவினர் மேல் வைத்த அன்பு வளர்ந்து, தொடர்பில்லாதவர் மேலும் செல்லும் விருப்பமாவதே ஆர்வம் என்று அதற்கு உரை சொல்கிறார்கள். முகம் தெரியாதவரை அலையில் தேடி நலம் விசாரிக்கும் ஹாமுக்கு இதைவிட நெருங்கிய சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு வசதியும் உண்டு. உதவிக்கு வருபவரைத் ‘தன்னார்வலர்’ என்று ஏற்கெனவே அழைக்கிறோம். ஆங்கிலத்தில் இரு வேறு வேர்களில் நிற்கும் ‘அமெச்சூர்’, ‘வாலண்டியர்’ என்ற இரண்டு சொற்கள் தமிழில் ஒன்றில் வந்து சேர்கின்றன. திருவிழா, மாரத்தான் போன்றவற்றில் ஹாம்கள் தொண்டாற்றுவது பல நாடுகளில் வழக்கம். மாசி மகத்தன்று புதுச்சேரி வைத்திக்குப்பம் கடற்கரையை எண்ணிப் பாருங்கள். ஊர் ஊராகச் சாமிகள் தீர்த்தவாரிக்கு வந்து நிற்க, அத்தனை கூட்டத்தில் செல்பேசி திணறும். முனைக்கு ஒருவர் கைக்கருவியோடு நின்றால், பிள்ளை காணாமல் போன செய்தியை ஒருவர் சொல்ல, எல்லா முனைகளிலும் ஒரே நேரத்தில் கேட்கும். நடுவில் ஒருவர் யார் எப்போது பேசுவது என்று ஒழுங்குசெய்வார். தன் முறை வரும்வரை காத்திருக்கவும், குறைந்த சொற்களில் பேசவும் அங்கே கற்றதுதான் புயல் நாளில் கைகொடுக்கும்.

ஆளைக் குறிக்க ‘ஹாம்’ என்பதையே வைத்துக்கொள்ளலாம். அவர்களே விரும்பி ஏற்ற பெயர் அது. ‘வானொலி ஆர்வலர்’ என்று திருப்பிப் போட்டால் வானொலி கேட்பதில் விருப்பமுள்ள நேயர் என்று பொருள் மாறிவிடும். ஆகவே புயல் கால ஏற்பாடுகளைச் சொல்லும் அறிவிப்பில் இப்படி எழுதலாம்: ‘இப்பள்ளி நிவாரண முகாமில் ஆர்வலர் வானொலி நிலையம் இயங்குகிறது. வெளியூர் உறவினருக்குச் செய்தி சொல்ல, பணியிலுள்ள ஹாமை அணுகவும்.’