எஃபோரான் லூக்கான்: கால் சூம்பிய வெள்ளைப் பூச்சி

ஆகஸ்ட் வாக்கில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், சஸ்குவெஹானா ஆற்றின் மேல் அந்தி நேரத்தில் வெள்ளை வெளேரென்று ஒரு பூச்சிக் கூட்டம் கிளம்பும். மழை விட்டதும் விளக்கை மொய்க்கும் ஈசல் போல அப்படியொரு அடர்த்தி. ஆனால் இது மேஃப்ளை (நீரில் வளர்ந்து, இறக்கை முளைத்த பின் கொஞ்ச நேரமே வாழும் பூச்சி) இனம்: எஃபோரான் லூக்கான். ஊர்க்காரர்கள் ‘ஒயிட் ஃப்ளை’ என்பார்கள். இறகும் நூலும் கட்டிய பொய்ப்பூச்சியால் மீன் பிடிக்கும் ஃப்ளை ஃபிஷிங்காரர்கள் மே, ஜூன் மாத மேஃப்ளைகளைக் கொண்டாடித் தீர்ப்பார்கள். கோடைக் கடைசியில் வரும் இதற்கு அந்தப் புகழ் இல்லை. என்னைக் கேட்டால், மேஃப்ளைகளிலேயே வியப்பானது இதுதான்.

வெள்ளையாக இருப்பதை மட்டும் வைத்து இதுதான் என்று சொல்லிவிட முடியாது. வெளிறிய மேஃப்ளைகள் வேறும் உண்டு. கையில் ஒன்றைப் பிடித்து முதலில் காலைப் பாருங்கள். ஆணுக்கு முன்னங்கால் இரண்டு மட்டும் நீளமாக, உருப்படியாக இருக்கும். மற்ற நான்கும் சூம்பிப் போயிருக்கும். பெண்ணுக்கு ஆறுமே சூம்பல்தான். அப்புறம் வால்: ஆணுக்கு இரண்டு, பெண்ணுக்கு மூன்று. கஹில் எனப்படும் வெளிர் வகைகளில் இருபாலுக்கும் இரண்டு வால்தான், கால்களும் திடமானவை. கேனிஸ் என்ற இன்னொரு வெளிர் மேஃப்ளைக்கு மூன்று வால் உண்டு, ஆனால் அது மிகப் பொடிசு, பின்னிறக்கையும் கிடையாது. எஃபோரானின் உடலோ ஒரு சென்டிமீட்டருக்குக் குறையாது.

கால் ஏன் சூம்பியது? இறக்கை முளைத்த பிறகும் ஒருமுறை தோலுரிப்பவை பூச்சிகளில் மேஃப்ளைகள் மட்டுமே. நீரைவிட்டு எழும் மங்கலான இறக்கைப் பருவத்தை ‘டன்’ என்றும், உரித்த பிறகு பளபளக்கும் பருவத்தை ‘ஸ்பின்னர்’ என்றும் தூண்டில்காரர்கள் சொல்வார்கள். பல இனங்களில் இதற்கு ஓர் இரவாவது ஆகும். எஃபோரான் ஆண் சில நிமிடங்களில் முடித்துவிடும். அந்த அவசரத்தில் பழைய தோல் வாலில் தொங்கத் தொங்கப் பறக்கும். பெண் உரிப்பதே இல்லை. டன்னாகவே இணைசேர்ந்து, நீரில் முட்டையிட்டு, அன்றிரவே செத்துப்போகும். எங்கும் உட்காரத் தேவையில்லாத உடலுக்குக் கால் எதற்கு? ஆணுக்கு மட்டும் பறந்தபடியே பெண்ணைப் பற்ற முன்னங்கால் வேண்டும்.

முட்டைகள் ஆற்றடியில் குளிர்காலத்தைக் கழித்து வசந்தத்தில் பொரியும். இளம்பூச்சிகள் வண்டலும் சரளையும் கலந்த அடிமண்ணில் வளை தோண்டி வாழும். தலைக்கு முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் தந்தங்களை வைத்து அவற்றை அறியலாம்.

இவ்வளவு விசித்திரமான பூச்சி சீக்கிரமே கண்ணில் பட்டதில் ஆச்சரியமில்லை. நியூ ஜெர்சியின் பஸேயிக் ஆற்றில் கண்டதை வைத்து 1802-இல் இதற்குப் பெயரிட்டவர் ஹ்யூ வில்லியம்சன். அமெரிக்க அரசியலமைப்பில் கையெழுத்திட்டவர்களில் ஒருவரும் அவரே!

சரி, தூண்டில்காரருக்கு இதனால் என்ன? மற்ற மேஃப்ளைகளுக்கு, செத்து மிதக்கும் பெண்ணைப் போலச் செய்ய கண்ணாடி போல் தெளிந்த இறக்கை வைப்பார்கள். இங்கே அது பொருந்தாது. செத்து மிதக்கும் பெண்ணுக்கும் பால் வெள்ளை இறக்கைதான். கால் ஊன்றி நிற்காத பூச்சி என்பதால், பொய்ப்பூச்சியில் கால் போல நீட்டிக்கொண்டிருக்கும் அடிப்பக்க இறகை வெட்டி, உடல் நீரோடு ஒட்டிக் கிடக்கும்படி கட்டுவதே சரியென்று நினைக்கிறேன். 12 அல்லது 14-ஆம் எண் கொக்கி, மூன்று வெள்ளை வால், அவ்வளவு போதும்.